ஊதினால் தெரியும் பெயர்

லேவார்டன் நகரில் பழைய வெள்ளிப் பாத்திரங்களுக்கு ஒடுக்கு எடுக்கும் சீட்ஸ்கேவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கிண்ணம் கைக்கு வந்தாலும் அதன் மேல் 'ஹா' என்று ஊதிவிடுவாள். கொண்டுவந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். அவள் சட்டை செய்ததில்லை.

அவளுக்குப் பதினைந்து வயதானபோது அப்பா வீட்டுப் பிராந்திக் கிண்ணத்தை விற்றுத் தொலைத்தார். அந்த வீட்டில் எந்தக் குழந்தை பிறந்தாலும், பார்க்க வந்தவர்கள் திராட்சை ஊறிய பிராந்தியை அதிலிருந்துதான் ஒரே கரண்டியால் மாறி மாறிச் சாப்பிடுவார்கள். அப்படி வரவேற்கப்பட்ட கடைசிக் குழந்தை சீட்ஸ்கே. பூவும் சுருளுமாகக் குழைந்த பாணி அலுத்துப்போய், வெள்ளியெல்லாம் கிரேக்கத் தூண் மாதிரி நிமிர்ந்து நின்ற காலத்து வேலை அது. ஓரத்தில் மணிவரிசை, உடம்பில் நேர்கோட்டுப் பள்ளங்கள், இலைத் தோரணம், நாடா முடிச்சில் தொங்கும் முட்டை வடிவ வில்லை. வில்லைக்குள் முதல் சொந்தக்காரியின் பெயர்: ஹிஸ்கே. பெயர் இருந்தால் விலைபோகாதென்று வியாபாரிகள் அதைத் தேய்த்துவிடுவார்கள், பாவிகள். ஆனால் உளி அழுத்திய தடம் லேசில் போகாது; மூச்சு பட்டால் எட்டிப் பார்க்கும்.

நாற்பத்திரண்டு வயதில் அவள் தலைச்சன் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தபோது, ஓய்வுபெற்ற படகோட்டி சீப்ரன் பிடி ஆடும் ஒரு கிண்ணத்தோடு வந்தார். ஊதினாள். ஹிஸ்கே!

"ஐயா, இது எங்க வீட்டுக் கிண்ணம்! பேரு பாருங்க!"

அவர் குனிவதற்குள் ஆவி கலைந்துவிட்டது. "எனக்கு ஒண்ணும் தெரியலையேம்மா. இருபது வருஷமா இதுலதான் சர்க்கரை போட்டு வச்சிருக்கேன்."

"விலைக்குக் கேக்கல. குழந்தை பிறந்தா ஒரே ஒரு நாள் குடுங்க."

"சரி. ஆனா கிண்ணம் தனியா வராது. நானும் வருவேன்."

ஜனவரியில் பெண் பிறந்தது. கால்வாயெல்லாம் உறைந்து கிடந்தது. விருந்தினர் வந்தாயிற்று, சீப்ரனைக் காணோம். சீட்ஸ்கே வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சூப் கிண்ணத்துல ஊத்திடட்டுமா?" என்றான் கணவன் யெல்லே.

"ஊத்திப் பாரு, தெரியும் சேதி!"

அப்போதுதான் சீப்ரன் சைக்கிளிலிருந்து விறைத்துப்போய் இறங்கினார். கதகதப்பான அறையில் கிண்ணத்தைப் பையிலிருந்து எடுத்ததும், சில்லிட்ட வெள்ளி முழுக்க ஆவி பூத்தது. அவர் மூக்குக்கண்ணாடியிலும் பூத்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்தவர் அப்படியே நின்றார். வில்லைக்குள் பெயர் தெளிவாக நின்றது.

"பாப்பாவுக்கு என்ன பேரு வச்சிருக்கீங்க?"

"ஹிஸ்கே."

அவர் கிண்ணத்தைத் தொட்டிலருகே வைத்தார்.

"அப்ப இது இவளோடது. நான் சர்க்கரைக்கு ஒரு டப்பா பாத்துக்கறேன்."

சீட்ஸ்கே அழுகையை அடக்கக்கூட முயலாமல் பிராந்தியை ஊற்றி, முதல் கரண்டியை அவரிடம் நீட்டினாள்.