கணேசலிங்கத்தார் நாடாண்ட ஒரு மாதம்

மெல்பேர்ன் புறநகரான கிளென் வேவர்லியில் மகள் வீட்டு முன்னறையில் குடியிருந்த கணேசலிங்கத்தார் ஒரு காலத்தில் ஒரு நாட்டுக்கே தலைவராக இருந்தவர் என்று சொன்னால் அந்தத் தெருவில் ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள். காலையில் சாப்பாட்டுப் பெட்டியோடு ரயில் பிடித்து நகரத்துக்குப் போய், ஒரு காப்புறுதிக் கம்பனியில் கோப்புகளை அடுக்கிவிட்டுப் பின்னேரம் திரும்புகிற மனிதர். இலங்கையில் படித்த சட்டம் மெல்பேர்னில் செல்லாது. திரும்பப் படிக்க வயதும் இல்லை. முழுப் பெயர் வாயில் நுழையவில்லை என்று கம்பனியில் அவரைக் 'கேன்' என்று கூப்பிட்டார்கள். அதற்கும் ஓம் என்றுதான் இருந்தார்.

நாடு என்றால் பெரிய நாடு இல்லை. பசிபிக் கடலில் ஒரு சின்னத் தீவு. சுதந்திரம் கிடைத்த கையோடு நீதிபதிகளைத் தேடி அலைந்தது. யாழ்ப்பாணத்தில் மாவட்ட நீதிபதியாக இருந்த இவர் ஒப்பந்தத்தில் பிரதம நீதியரசராகப் போனார். வெளிநாட்டு உத்தியோகம் என்றதும் சொந்தக்காரர் எல்லாரும் ஒரு சுற்றுப் பருத்தார்கள், தாங்களே போனது மாதிரி.

அங்கே கொப்பரைத் தோட்டத்துக் கூலியாள் ஒருவன், தன்னை அடித்த கங்காணியைத் திருப்பி அடித்தான். கங்காணி செத்துப்போனான். கொலைக்குத் தூக்கு ஒன்றுதான் அந்தச் சட்டத்தில் இருந்தது. இலங்கை வழக்கத்தைக் கணேசலிங்கத்தார் அங்கேயும் கைவிடவில்லை. மின்விசிறியையும் விளக்கையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, அந்த மங்கலில் எழுந்து நின்று தீர்ப்பை வாசித்தார். பிறகு தன் அறைக்குப் போய், இவனுக்கு உயிர்ப்பிச்சை கொடுக்கலாம் என்று நாட்டின் தலைவருக்குத் தன் கையாலேயே எழுதினார். தூக்குத் தீர்ப்புச் சொன்ன நாளில் எல்லாம் அப்படி எழுதிய பிறகுதான் அவருக்குச் சோறு இறங்கும். தனக்கு மேலே ஒருவர் இருக்கிறார், அவர் பார்த்துக்கொள்வார் என்ற நிம்மதி.

அந்தக் கிழமை முடியுமுன்னமே ஜனாதிபதி நெஞ்சுவலியில் செத்துப்போனார். புதியவரைத் தெரிவுசெய்யும்வரை பிரதம நீதியரசரே அவருடைய இடத்தில் இருக்க வேண்டும் என்பது அரசியலமைப்பு. காரும் கொடியும் காவற்காரர்களும் வந்தார்கள். ஜனாதிபதி மாளிகை மேசையில் முதலாவதாக இருந்தது அவரே எழுதிய சிபாரிசு.

மன்னித்துவிட வேண்டியதுதானே என்று நீங்களும் நானும் சொல்வோம். ஆனால் தலைவர் மந்திரிகளின் ஆலோசனைப்படிதான் நடக்க வேண்டும் என்று அரசியலமைப்பில் எழுதியிருந்தது. மந்திரிமாரில் பாதிப்பேர் தோட்டக்காரர்கள். தூக்கவேண்டும் என்றார்கள்.

கூலியாளின் பெண்சாதி கைக்குழந்தையோடு வாசலில் வந்து நின்றாள். கணேசலிங்கத்தாரின் மனைவி சத்தியபாமா அவளைக் குசினிக்குள் கூட்டிப்போய் இருத்தித் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, கணவரிடம் வந்தாள்.

“இஞ்சேருங்கோ, உங்களால ஏலாதோ?”

“ஏலாது. மந்திரிமார் சொல்லுறதைத்தான் நான் செய்யலாம்.”

“வேறை வழி ஒண்டுமே இல்லையோ?”

“இல்லை. சட்டம் அப்பிடி. உமக்கு விளங்காது.”

சத்தியபாமா திரும்பிப்போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த அரைகுறைத் தீவுப் பாஷையில், ஐயாவுக்கு விருப்பம்தான், அவரிடம் அதிகாரம் இல்லை என்று சொன்னாள். பெண் நம்பினாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

கணேசலிங்கத்தார் கையெழுத்து வைத்தார். அவனைத் தூக்கினார்கள். மாதம் முடியப் புதிய ஜனாதிபதி வந்தார். ஒப்பந்தம் முடிந்ததும் புருஷனும் பெண்சாதியும் மகள் கிரிஜாவிடம் மெல்பேர்னுக்கு வந்துவிட்டார்கள். அந்த மாதத்தைப் பற்றி வீட்டில் ஒருவரும் கதைப்பதில்லை. நினைவு வரும்போதெல்லாம், ஏலாமல்தானே போனது என்று அவர் தனக்குள் சொல்லிக்கொள்வார். அந்த மருந்து ஓரளவுக்குக் கேட்டது.

எழுபத்தைந்தாம் ஆண்டு நவம்பரில் ஒரு மத்தியானம் கம்பனியில் எல்லாரும் ரேடியோவைச் சுற்றி நின்றார்கள். கன்பராவில், மந்திரிமாரின் சொற்படி நடப்பதே வழக்கமான கவர்னர் ஜெனரல் பிரதமரையே பதவியிலிருந்து நீக்கிவிட்டாராம். பாதிப்பேர் திட்டினார்கள், பாதிப்பேர் சிரித்தார்கள். நீக்கிய ஆள் முந்தி நீதிபதியாக இருந்தவர் என்று யாரோ சொன்னார்கள். கணேசலிங்கத்தார் கோப்புகளைப் போட்டது போட்டபடி ரயிலேறினார்.

மருமகன் புதிதாக வாங்கியிருந்த கலர் ரிவிப் பெட்டியில் அன்று பின்னேரம் முழுக்க அதே செய்தி. சத்தியபாமா பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தாள்.

“இவரும் ஜட்ஜாய் இருந்தவராமே. கிரிஜா சொன்னவள்.”

“ஓம்.”

“மந்திரிமாரைக் கேட்டோ செய்தவர்?”

கணேசலிங்கத்தார் விளக்கத் தொடங்கினார். இது வேறு அதிகாரம், அது வேறு அதிகாரம். இந்த நாட்டில் எழுதியிருப்பது ஒன்று, அங்கே எழுதியிருந்தது இன்னொன்று. இவர் செய்ததே சரியோ பிழையோ என்று இனி வருஷக்கணக்காக அடிபடுவார்கள். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. அவள் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டாள்.

“அண்டைக்கு நீங்கள் மாட்டன் எண்டு ஒருக்காச் சொல்லிப் பாத்தனீங்களோ?”

எத்தனையோ சாட்சிகளிடம் ஓம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லச் சொன்னவர் அவர்.

“இல்லை.”

“சொல்லியிருந்தால்?”

“என்னை விலத்திப்போட்டு வேறை ஆளைக் கொண்டு கையெழுத்து வைச்சிருப்பினம்.”

“வைச்சிருப்பினம். நீங்கள் வைச்சிருக்க மாட்டியள்.” அவளுடைய குரல் உயரவில்லை. “உங்களை நம்பித்தானே வாசல்ல வந்து நிண்ட பிள்ளையின்ரை கையைப் பிடிச்சுச் சொன்னனான்.”

எழுந்து குசினிக்குப் போய்விட்டாள். ரிவியில் சனம் கத்திக்கொண்டிருந்தது. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. தூக்கப்பட்டவனின் பெயர் அவருக்குத் தெரியும், தீர்ப்பில் எழுதியவர். வாசலில் வந்து நின்றவளின் பெயர் தெரியாது. எழுந்து குசினி வாசல் வரை போனார்.

“அந்தப் பிள்ளையின்ரை பேர் என்ன?”

சத்தியபாமா திரும்பிப் பார்க்கவில்லை.

“இப்ப என்னத்துக்கு?” என்றாள்.