மாங்காய்ப் பெட்டி வீடு

இரண்டு வருடத்துக்கு முன்னால், கேரள எல்லையில் இருக்கும் முதலமடையில் மாங்காய் சீசன் சூடு பிடித்திருந்த நேரம். அங்கே ஒரு பள்ளியில் விளையாட்டுப் பூங்கா திறந்து வைக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் உளவியல் படித்தவள். பிள்ளைகள் தாமாக விளையாடும்போது என்னவெல்லாம் கற்றுக்கொள்கிறார்கள் என்று கவனிப்பதுதான் இத்தனை வருடமாக என் தொழில். விளையாடுவதை வேடிக்கை பார்க்க ஒரு சம்பளமா என்று என் சொந்தக்காரர்களே கிண்டல் செய்வார்கள். நம்மையும் மதித்து ஒரு பள்ளி அழைக்கிறதே என்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பிப் போனேன்.

போனால், பிள்ளைகள் அத்தனை பேரும் உச்சி வெயிலில் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பந்தல் எங்களுக்கு மட்டும். எதிரே சறுக்கு, ஊஞ்சல் எல்லாம் பளபளவென்று நிற்கின்றன, சுற்றிய பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. போட்டோவுக்கென்று நான்கு பேரைப் பொறுக்கி வைத்திருந்தார்கள். டீச்சர் கை தட்டியதும் சறுக்கி வந்து சிரிக்க வேண்டுமாம். அதில் ஒருவன் முன்னாடியே சிரித்துவிட்டான். அதற்கு ஒரு கிள்ளு வாங்கினான்.

பந்தல் ஓரத்தில் எட்டு வயசு இருக்கும், ஒரு பெண் குழந்தை. நீ முதலில் எதில் ஏறுவாய் என்று கேட்டேன். பெரியவர்கள் யாராவது பார்க்க வந்தால் மட்டும்தான் திறப்பார்களாம், மற்ற நாளில் ஏறினால் சாயம் போய்விடுமாம். அப்புறம் எங்கேதான் விளையாடுவீர்கள் என்றேன். அவள் அந்தச் சறுக்கையே காட்டினாள்.

"இங்கதானுங்க டீச்சர். மாங்காப் பெட்டியில ஊடு கட்டியிருந்தோமுங்க. குப்பைன்னு எடுத்துட்டாங்க."

கேட்கக் கேட்கச் சொன்னாள். குடோனில் கழித்துப் போட்ட மரப்பெட்டிகள். பெரிய வகுப்புக்குப் போனவர்கள் விட்டுப் போன வீட்டில் இவர்கள் ஒரு அறை கூட்டிக் கட்டினார்களாம். சண்டை போட்டால் யார் வெளியே நிற்க வேண்டும் என்று சட்டம்கூட இருந்ததாம். நான் ஊர் ஊராகப் போய்த் தேடிப் பார்க்கிற விஷயம் இவர்கள் கையில் இருந்திருக்கிறது. அதை இடித்துவிட்டு, அதே இடத்தில் பூங்கா வைத்து, அதைத் திறக்க என்னையே கூப்பிட்டிருக்கிறார்கள்! பொன்னாடை வேறு!

பள்ளி மேனேஜர் கத்திரிக்கோலை நீட்டினார். முதலில் பிள்ளைகள் விளையாடட்டும், அப்புறம் ரிப்பன் வெட்டுகிறேன் என்று மைக்கிலேயே சொல்லிவிட்டேன். அவர் சிரித்த முகம் மாறாமல் காதருகே வந்தார்.

"மேடம், ஒரு போட்டோ எடுத்துக்கலாமுங்க. அப்புறம் சாவகாசமா வெளையாடிக்குவாங்க."

நான் பிள்ளைகள் பக்கம் திரும்பினேன். போங்கள், விளையாடுங்கள் என்றேன். ஒருத்தர்கூட எழுந்திருக்கவில்லை. அத்தனை கண்களும் டீச்சர்கள் முகத்தில்தான் இருந்தன. கடைசியில் அந்தப் பெண்தான் மெல்ல எழுந்தாள்.

"எப்படி வெளையாடோணுமுங்க டீச்சர்?"

வீடு கட்டி, சட்டம் போட்டு ஆண்ட பெண் கேட்கிற கேள்வியா இது? எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கத்திரிக்கோலை மேஜையில் வைத்துவிட்டு, அந்தப் பெட்டிகள் எங்கே என்று கேட்டேன். சமையலறைக்குப் பின்னால், விறகுக்கு உடைக்கப் போட்டிருந்தார்கள். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒன்றை இழுத்து வந்து மைதானத்தின் நடுவில் போட்டேன். புடவை ஆணியில் மாட்டிக் கிழிந்தது, கிழியட்டும்.

"அது அப்படியில்லீங்க, அது வாசலுங்க," என்று அவள் ஓடி வந்து பெட்டியைத் திருப்பிப் போட்டாள். யாரிடமும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு வரிசையாவது ஒன்றாவது! அடுத்த பெட்டி, அதற்கடுத்த பெட்டி என்று பிள்ளைகளே தூக்கி வந்துவிட்டார்கள். சறுக்கின் பக்கம் ஒருத்தரும் திரும்பவில்லை.

ரிப்பனை யார் வெட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கிளம்பிய பிறகு அந்த வீட்டை எத்தனை நாள் விட்டு வைத்தார்களோ, அதுவும் தெரியாது. நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டுதான் வருகிறது. பிள்ளைகளுக்காக ஏதாவது திறக்க யார் என்னைக் கூப்பிட்டாலும், அந்த இடத்தில் இதற்கு முன் பிள்ளைகள் என்ன வைத்திருந்தார்கள், அதை எங்கே கொண்டு போய்ப் போட்டீர்கள் என்று கேட்காமல் நான் வண்டி ஏறுவதில்லை.