கால்வாய்க்கு அந்தப் பக்கம் மூட்டம்

இன்று அபராதச் சம்மன் எழுத வந்த நகராண்மைக் கழக அதிகாரியின் சட்டையிலும் தேங்காய் மட்டைப் புகை வாசம் அடித்தது.

மாட்டைக் கொசு கடிக்காமலிருக்க, கொல்லையில் தகர டின்னில் மட்டையைக் கொளுத்தி மூட்டம் போட்டிருந்தோம்.

"வீட்டுப் பக்கம் நெருப்பு வைக்கக்கூடாதுன்னு தெரியாதாக்கா?" என்று எழுதத் தொடங்கினார். அம்மா தலைகுனிந்து நின்றார்.

எனக்குப் புது ஆளிடம் பேச்சே வராது. ஆனாலும் கேட்டுவிட்டேன். "அண்ணே, உங்க வீட்லயும் மாடு இருக்கா?"

பேனா நின்றது.

"இருக்குலா. ஆனா நான் இருக்கிறது எஸ்டேட் தோட்டத்துல," என்று கொல்லைக்குப் பின்னாலிருந்த கால்வாயைக் காட்டினார். "அதத் தாண்டினா தோட்டம். எங்க கழகத்துச் சட்டம் இந்தப் பக்கம்தான். இன்னைக்கு எழுதல. ஆனா இங்க நெருப்பு இருக்கக்கூடாது."

அவர் போனதும், காற்று மாட்டின் பக்கம் வீசும் இடமாகப் பார்த்து, டின்னைக் கால்வாய்க்கு அந்தப் பக்கம் வைத்தேன்.