வளையத்தில் ஒரு விரிசல்

ஆய்வகத்தில் அவளுக்கு வக்கீலம்மா என்று பட்டப்பெயர். எதற்கெடுத்தாலும் "அதெப்படி?" என்று மல்லுக்கு நிற்பவளை வேறெப்படிக் கூப்பிடுவார்கள்?

பாக்டீரியா தன் டி.என்.ஏ.வை நகலெடுக்குமுன் அதன் இரண்டு இழைகளையும் பிரிக்க வேண்டும். பிரிப்பது ஆறு புரதங்கள் கைகோத்து நிற்கும் ஒரு வளையம். அதை உறையவைத்து, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் லட்சக்கணக்கில் படமெடுத்து, எல்லாவற்றையும் ஒன்றாக்கி உருவம் காண்பதுதான் அவள் பிழைப்பு. ஆறு புரதமும் ஒன்றுபோல என்று கணினிக்குச் சொல்லிவிட்டால் உருவம் பளிச்சென்று வந்துவிடும். ஆறுக்குள் ஏதாவது வித்தியாசம் இருந்தால் அது மட்டும் அழிந்துபோகும். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்.

அவள் கணினிக்கு அப்படிச் சொல்லாமல் ஓட்டிப் பார்த்தாள். படம் மங்கல்தான். ஆனால் வளையத்தில் ஓரிடம் பிளந்திருந்தது. அந்தப் பிளவை ஒட்டி, வளையத்தை டி.என்.ஏ.வில் ஏற்றிவிடும் துணைப் புரதம் அட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தது. அவளுக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

படத்தைக் காட்டியதும் ஆய்வகத்தை நடத்தும் பேராசிரியருக்கு முகம் சுண்டிப்போயிற்று. அவர் பெயரெடுத்ததே மூடிய வளையத்தால். அதன் படத்தைக் கல்யாண போட்டோ மாதிரி சட்டம் போட்டு அறையில் மாட்டியிருந்தார்.

"பளிச்னு இருக்கறதையே ஜர்னலுக்கு அனுப்பலாம். இந்தக் கட்டுரை வந்தாதான் உன் வேலைய நீட்டிக்க முடியும்" என்றார்.

அவள் வீட்டில் வந்து சொன்னாள். பஸ் ஓட்டுகிற கணவன் தலையைச் சொறிந்தான். "ஊரே செய்யறதுதானேம்மா. சரின்னு சொல்லிட்டுப் போயேன்."

"ஊருக்கெல்லாம் விரிசல் தெரியலங்க. எனக்குத் தெரிஞ்சிடுச்சே! பாத்ததைப் பாக்கலன்னு எப்படிச் சொல்றது?"



மறுநாள் ஆய்வகக் கூட்டத்தில், மூடிய வளையத்தை அனுப்ப ஒப்பமாட்டேன் என்று அவள் சொன்னதும், அத்தனை பேர் முன்னால் பேராசிரியர் கேட்டார்: "அப்ப கட்டுரையிலேருந்து உன் பேரை எடுத்துடவா?" பணிந்துவிடுவாள் என்று நினைத்திருப்பார் பாவம்.

"எடுத்துடுங்க சார்."

"வேலை போயிடும். யோசிச்சுதான் பேசறியா?"

"யோசிச்சாச்சு சார். பாக்டீரியாவோட டி.என்.ஏ.வே ஒரு வட்டம். அதுக்கு நுனியே கிடையாது. மூடின வளையம் அதுல எப்படி ஏறிச்சுன்னு யாராவது கேப்பாங்க. அப்ப பதில் சொல்ல நான் இங்க இருக்க மாட்டேன்."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எல்லோருக்கும் தெரியும்படியே அழுதாள். அழுதுகொண்டே மங்கலான அந்தப் படத்தைத் திரையில் போட்டு, பிளவைப் பெரிதாக்கிக் காட்டிவிட்டுத்தான் வெளியே போனாள்.