சக்கரத்துக்குச் சிக்காத எலுமிச்சம்பழம்

அம்மனை நம்பியவர்களே, நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி, ஆடி மாதம். வீட்டு வேலைக்கு நான் குவைத் புறப்பட்ட காலை. றக்வானைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். யார் தூரப் பயணம் போனாலும் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்போம். அது நசுங்கினால் கெட்டது கழிந்தது. அன்று வேன் அசைந்ததும் பழம் வழுக்கி, சரிவில் உருண்டு சாக்கடைக் கானுக்குள் விழுந்துவிட்டது. லயத்து வரிசை வீடுகளின் சனமெல்லாம் தலையில் கைவைத்தது. விவரம் புரியாத என் மூன்று வயது மகள் மட்டும் கைதட்டிச் சிரித்தாள்.

"இன்னொன்னு வைக்கட்டா புள்ள?" என்றார் என் கணவர்.

"நேரமாச்சுங்க," என்றேன். பூசாரி தந்த இன்னொரு பழம் என் பையிலேயே இருந்தது.

விமானம் மேலேறிக் கொஞ்ச நேரத்தில் காலுக்கடியில் ஏதோ தடாரென்று உடைந்தது. பிறகு கடலுக்கு மேல் சுற்றிச் சுற்றி வந்தோம். ஒரு பக்கச் சக்கரம் இறங்கவில்லை என்று சிங்களத்தில் அறிவித்தார்கள். எனக்கு நன்றாகவே விளங்கியது. விளங்காமலே இருந்திருக்கலாம். கானுக்குள் உருண்ட பழம்தான் கண்ணுக்குள் நின்றது. இனி என் பிள்ளை யாரை அம்மா என்று கூப்பிடும்?

சப்பாத்தைக் கழற்றி, தலையைக் குனியச் சொன்னார்கள். பையை அவர்கள் வாங்குமுன் பழத்தை எடுத்து வெறுங்காலடியில் வைத்தேன். பக்கத்தில் தெஹியோவிட்ட ஊர் முஸ்லிம் அக்கா ஒருவர் ஓதிக்கொண்டிருந்தார்.

"என்ன செய்றீங்க தங்கச்சி?"

"சக்கரத்துக்கு வைக்கிறேன் அக்கா."

"வைங்க. நான் அல்லாகிட்ட துஆ கேக்குறேன்," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தாயே மாரியம்மா! சக்கரம் இறங்கல. நீ இறங்கு!" என்று கத்தியபடி மிதித்தேன். பழம் நசுங்கியது.

விமானம் தரையில் மோதிச் சாய்ந்தது. இறக்கை தேய்ந்து தீப்பொறி பறந்தது. புகை. அலறல். பிறகு நின்றுவிட்டது. கதவைத் திறந்து எங்களைச் சறுக்குப்பாதையில் இறக்கிவிட்டார்கள். ஒரு உயிரும் போகவில்லை. என் கை முறிந்ததோடு சரி.

குவைத்தை அன்றோடு மறந்தேன். கொழுந்து பறித்தே மகளை வளர்த்தேன். வெள்ளி தவறாமல் கோயிலில் விளக்கேற்றுகிறேன். அந்த அக்காவுக்கும் சேர்த்துத்தான்.

உங்கள் பழமும் ஒருநாள் உருண்டு ஓடலாம். எல்லாம் முடிந்தது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். அம்மனைக் கூப்பிடுங்கள். அன்று கட்டுப்போட்ட கையோடு நான் லயத்துக்குத் திரும்பியபோது மகள் ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா, ஒங்க கால்ல எலுமிச்சம்பழ வாசம்!"