மூன்று பட்டைத் தண்டு

எங்கள் ஞாயிற்றுக்கிழமை செடி பார்க்கும் குழுவில் பன்னிரண்டு பேர். எந்தச் செடியாக இருந்தாலும் என்னிடம்தான் கேட்பார்கள். இருபது வருஷம் தாவரவியல் நடத்திய டீச்சர் ஆயிற்றே. வில்லாபுரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அந்தப் பெண் வந்து சேரும்வரை அப்படித்தான் இருந்தது. அவளுக்கும் ஏறக்குறைய என் வயதுதான்.

கீழக்குயில்குடியில், மலையடிவாரத்து வயல் வரப்பில் ஒரு செடியைக் காட்டிக் கேட்டார்கள். நின்றவாக்கிலேயே, "ஏதோ புல்லுதான்" என்றேன். அவள் குனிந்து தண்டை விரல்களுக்கிடையே உருட்டினாள்.

"டீச்சர், மூணு பட்டையா இருக்கே. கணுவும் இல்ல. கோரையா இருக்குமோ?"

எல்லோரும் வரிசையாக வந்து உருட்டிப் பார்த்தார்கள். நானும் உருட்டினேன். மூன்று விளிம்பும் விரலில் தட்டுப்பட்டன. புல்லிலிருந்து கோரையைப் பிரித்தறிய வருஷாவருஷம் மாணவிகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த அதே அடையாளம்.

அவள் அதோடு விடவில்லை. சற்றுத் தள்ளி மரங்களுக்கு அடியிலும் அதையே கண்டுபிடித்தாள். எந்த வகை என்று பெயரும் சொல்லி, பல வருஷம் நிற்கும் கோரை என்று வாட்ஸ்அப்பில் எழுதினாள். "அம்புட்டையும் சொல்லிட்டீங்களே அக்கா!" என்று பாராட்டுகள் குவிந்தன. எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே பஸ் பிடித்துத் தனியாகப் போனேன். ஒரு பருவத்தோடு பட்டுப்போகிற கோரையாக இருந்தால் அவள் சொன்ன பெயர் தப்பு. சமையல் கரண்டியால் தோண்டினேன். மண்ணுக்குள் தடித்த வேர்த்தண்டு படுத்துக்கிடந்தது. அதன்மேல் முந்தைய வருஷங்களில் முளைத்த தண்டுகளின் கருத்த அடிக்கட்டைகள். அவள் சொன்னது சரி. போட்டோ எடுத்தேன். யாருக்கும் அனுப்பவில்லை.

நாலு நாள் கழித்து அவள் போன் செய்தாள்.

"டீச்சர், வேரைப் பாக்காமச் சொல்லிட்டேன். மனசு உறுத்துது. நீங்க தோண்டிப் பாத்தீங்களா?"

"இல்லம்மா."

அன்றே அவள், உறுதியாகத் தெரியாமல் சொல்லிவிட்டதாகக் குழுவில் மன்னிப்புக் கேட்டாள். அதற்கும் பாராட்டு. "இந்த நேர்மை யாருக்கு வரும்!" என்றார் ஒருவர். சரியென்றாலும் அவளுக்கு மாலை, தப்பென்றாலும் அவளுக்கே மாலை.

கடைசியில் அந்த வேர்ப் படத்தைக் குழுவுக்கு அனுப்பினேன். நல்ல மனதால் அல்ல. தோண்டிப் பார்த்தவள் நான் என்று அவர்களுக்குத் தெரியவேண்டும்.

உடனே அழைத்தாள். "எனக்காகவா இம்புட்டுத் தூரம் போனீங்க டீச்சர்? எப்பப் போனீங்க?"

"நேத்து" என்றேன்.

அடுத்த ஞாயிறு என் பக்கத்திலேயே நடந்தாள். ஒவ்வொரு செடிக்கும் என்னை முதலில் சொல்லவிட்டுக் காத்திருந்தாள். ஒவ்வொன்றின் பெயரும் அவளுக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.