புல்லுக்குக் காவல்போன ஊர்க்காவலன்

எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசு கம்பெனிக்கு வாட்ச்மேனாக இருந்து, மருந்து நெடி ஒத்துக்கொள்ளாமல் விலகிய ஊர்க்காவலன் என்பவருக்கு 2003 கோடையில் புதுக் காவல் கிடைத்தது. மல்லாங்கிணறு மேய்ச்சல் காட்டில், கட்டில் அகலத்துக்கு முள்வேலி. வேலிக்குள் காய்ந்த புல். வெளியிலும் அதே புல்தான்.

"அண்ணாச்சி, வானத்துல இருந்து செயற்கைக்கோள் இந்தக் காட்டைப் படம் எடுக்கும்," என்றாள் ஆராய்ச்சிக்கு வந்த பெர்சிஸ். "இந்தப் புல்ல அறுத்து எடைபோட்டு, படத்தோட ஒத்துப் பாத்துத்தான் வட்டாரம் முழுக்க மேய்ச்சல் எப்படின்னு சொல்லுவோம். நல்லாப் பாத்துக்கோங்க."

"வெடிக்குக் காவல் இருந்தீக, சரி. இப்ப புல்லுக்கா?" என்று தலையிலடித்துக்கொண்டாள் மனைவி முருகம்மாள்.

அவர் அசரவில்லை. இதைப் போல் போட்டிருந்த மற்ற வேலிகளையெல்லாம் வெள்ளாடுகள் தாண்டி, உள்ளிருந்த புல்லைத் தின்று தீர்த்தன. இவர் வேலியை ஒரு ஆடும் நெருங்க முடியவில்லை. காவல் என்றால் பக்கத்தில் தண்ணீர் வாளி இருக்கவேண்டும், வெயில் ஏறினால் தெளிக்கவேண்டும் என்பது கம்பெனிப் பழக்கம். தெளித்தார். புல் முழங்கால் உயரம் வந்தது.

அறுப்பு நேரத்தில் பெர்சிஸ் மஞ்சள்காமாலையில் படுத்துவிட்டாள். வந்தவர்கள் வேறு ஆட்கள். மிஞ்சியிருந்த இந்த ஒரு வேலிக்குள் இருந்ததை அறுத்து எடை போட்டு, அவருக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார்கள். கொஞ்ச நாளில், மல்லாங்கிணறு பக்கம் அருமையான மேய்ச்சல் என்று பேப்பரில் செய்தி வந்தது.

அதை நம்பி ராமநாதபுரத்திலிருந்து ஊர் ஊராக ஆடு மேய்க்கும் சின்னச்சாமி கீதாரி செம்மறி மந்தையோடு வந்து நின்றார்.

"புல்லு எங்க?"

ஊர்க்காவலன் கூச்சத்தோடு வேலியைக் காட்டினார். "இங்கன இருக்கு."

கீதாரி எட்டிப் பார்த்தார். "இத எந்த ஆட்டுக்குப் போட?"

திரும்பிப் போக ஆடுகளுக்குத் தெம்பில்லை. நல்லவேளையாக, ராத்திரி மந்தையை அடைத்துக் கிடை போட்டால் நிலத்துக்கு உரமாச்சு என்று வெள்ளாமை செய்யும் சம்சாரிகள் பருத்தி எடுத்த நிலங்களைத் திறந்துவிட்டார்கள். மந்தை பிழைத்தது. ஊர்க்காவலனுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

உடம்பு தேறி வந்த பெர்சிஸ் கேட்டாள்: "தண்ணி ஊத்துனீகளா அண்ணாச்சி?"

"பின்ன? காவல்காரன் கண்ணு முன்னால வாட விடுவானா?"

அவள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மறுவருசமும் அவரையே வைத்தாள், ஒரே ஒரு நிபந்தனையோடு: "புல்லுல சொட்டுத் தண்ணி படக்கூடாது."

ஐப்பசியில் மழை கொட்டியது. குடையோடு தேடி வந்த முருகம்மாள் கண்டது, வேலிமேல் படுதாவை இழுத்துப் பிடித்தபடி தொப்பலாக நனைந்து நின்ற புருசனை.

"அந்தப் பக்கம் ஒழுகுது, பிடி," என்றார் அவர்.